வாகன வழிகாட்டி: கணக்கும் அறிவிப்பும் சந்தித்த வரலாறு



வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கப்படும் ஜி.பி.எஸ். வழிகாட்டிக் கருவி, ஒரே திரையில் இரண்டு கேள்விகளுக்கு விடை தருகிறது. ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்பது முதல் கேள்வி. ‘நான் செல்ல வேண்டிய இடத்துக்கு வழி எது?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான விடையைக் கருவி வானிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு தானே கணக்கிட்டு அறிகிறது. இரண்டாவது விடையைப் பிறர் தயாரித்து வைத்த வரைபடத்திலிருந்து எடுத்துச் சொல்கிறது. அதாவது, முதலாவது கணக்கு, இரண்டாவது அறிவிப்பு.

ஹதீஸ் கலையை ஓரளவு கற்றவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தை மட்டும் பார்த்து நாம் ஏற்பதில்லை. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், எப்போது கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்கிறோம். வழிகாட்டிக் கருவியின் வரைபடமும் ஒரு செய்திதான். ஆனால் திரையில் கணக்கும் செய்தியும் ஒன்றாகக் கலந்து, ஒரே குரலில், ஒரே உறுதியுடன் ஒலிப்பதால், இரண்டையும் ஒரே தரத்தில் வைத்து நம்பிவிடுகிறோம். இந்தக் கலப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்றின் வழியே அறிந்துகொண்டால், எந்தக் கருவியை வாங்குவது, வாங்கியதை எவ்வளவு நம்புவது என்பவை தாமே தெளிவாகும்.

வானத்தைப் பார்த்து இடம் அறிந்தவர்கள்

தரையிலும் கடலிலும் இருள் சூழ்ந்த வேளைகளில் வழியறிவதற்காக நட்சத்திரங்கள் அமைக்கப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆன் அல்அன்ஆம் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. தொழுகைக்கு நேரமும் திசையும் தேவைப்பட்டதால், முஸ்லிம் அறிஞர்கள் இத்துறையில் ஆழ்ந்த கவனம் செலுத்தினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, பூமியின் வடிவம் குறித்த தம் நூலில் ஏறத்தாழ 2,400 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பட்டியலிட்டார். நகரம், மலை, ஆறு ஆகிய ஒவ்வொன்றையும் இரண்டு எண்களால் குறிக்கும் அம்முறையே, இன்று நம் கருவி தன் உள்ளே பயன்படுத்தும் முறைக்கும் அடிப்படையாகும்.

அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1025ஆம் ஆண்டில், அல்பீரூனீ கஸ்னா நகரில் ஒரு நூலை எழுதி முடித்தார். இடங்களின் ஆயங்களைத் துல்லியமாக அறிவதும், அதன் மூலம் கஸ்னாவின் கிப்லாவைக் கணிப்பதும் அதன் நோக்கம். அட்சரேகையைச் சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து அவரால் நேரடியாக அறிய முடிந்தது. தீர்க்கரேகைக்கோ அப்படியோர் எளிய வழி இல்லை. ஆகவே, பக்தாதிலிருந்து கஸ்னா வரையுள்ள ஊர்களுக்கிடையே பயணிகள் சொல்லிவந்த தொலைவுகளை எடுத்துக்கொண்டார். பாதை வளைந்து செல்வதால் சொல்லப்படும் தொலைவு நேர்த்தொலைவைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதை உணர்ந்து, அதற்கென ஒரு பங்கைக் கழித்தார். பின்பு தாம் அளந்த அட்சரேகைகளோடு பொருத்திக் கணக்கிட்டார்.

அவருடைய நடைமுறையை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். பயணிகளின் அறிவிப்பை அவர் புறக்கணிக்கவில்லை. அதை அப்படியே விழுங்கிவிடவும் இல்லை. தாமே அளந்ததைத் தனியாகவும், பிறர் சொன்னதைத் தனியாகவும் வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதித்தார்.

கடலோடிகளும் இவ்வாறே செயல்பட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல்கைமா பகுதியைச் சேர்ந்த இப்னு மாஜித், இந்தியப் பெருங்கடலில் கப்பல் செலுத்தும் கலை பற்றிப் பல நூல்களை எழுதினார். துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, தாம் இருக்கும் அட்சரேகையை அரபு மாலுமிகள் அறிந்தனர். அவர்கள் பயன்படுத்திய ‘கமால்’ ஒரு சிறு மரப்பலகையும் முடிச்சிட்ட கயிறும் மட்டுமே. நம் சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் ‘இராப்பலகை’ என்னும் பெயரில் இதே வகைக் கருவியை வைத்திருந்தனர். கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. குறிப்பிட்ட முடிச்சில் நட்சத்திரமும் தொடுவானும் பொருந்தினால், அந்தத் துறைமுகத்தின் அட்சரேகைக்கு வந்துவிட்டதாகப் பொருள். கையில் எடுத்துச் செல்லத்தக்க வழிகாட்டிக் கருவி என்று சொன்னால் அது இராப்பலகைக்கும் பொருந்தும்.

நேரமே இடமாக மாறியது

தீர்க்கரேகையின் சிக்கல் நீண்ட காலம் நீடித்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கப்பலிலும் பிழையின்றி வைத்திருக்க முடிந்தால், உள்ளூர் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையை அறியலாம். ஆடும் கப்பலில் பிழையின்றி ஓடும் கடிகாரம்தான் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடிகாரம் 1761இல் ஜமைக்கா நோக்கிய பயணத்தில் சோதிக்கப்பட்டு, அது இயலும் என்பதை மெய்ப்பித்தது. இடத்தை அறிய நேரத்தை அளக்க வேண்டும் என்னும் அந்தக் கருத்தே ஜி.பி.எஸ்.ஸின் உயிர்நாடி.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் ஆகியோர், அதன் வானொலி ஒலி நெருங்கும்போதும் விலகும்போதும் மாறுபடுவதைக் கொண்டு அதன் பாதையைக் கணித்தனர். தரையிலுள்ள இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரியும் என்றால், கோளின் பாதை தெரிந்தால் தரையிலுள்ள இடமும் தெரியுமல்லவா? இவ்வாறு கணக்கைத் திருப்பிப் போட்டதில் பிறந்தது, 1964இல் செயல்பாட்டுக்கு வந்த ‘டிரான்சிட்’ என்னும் கடற்படை அமைப்பு.

அதன் வழித்தோன்றலான ஜி.பி.எஸ். திட்டத்துக்கு 1973இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அணுக்கடிகாரங்களைச் சுமந்து, நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றும் இக்கோள்கள், ‘இன்ன கோள், இன்ன நேரம்’ என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அச்செய்தி வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று நம் கருவி கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்களின் தொலைவு போதும். ஆனால் நம் கருவியிலுள்ள கடிகாரம் எளிய கடிகாரம் என்பதால், அதன் பிழையைத் திருத்த நான்காவது கோள் ஒன்று வேண்டும்.

நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். உயரத்தில் புவியீர்ப்பு குறைவதாலும் கோள்கள் விரைந்து செல்வதாலும், அங்குள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகிறது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி அதையும் கணக்கில் கொண்டே இவ்வமைப்பு வடிவமைக்கப்பட்டுள்ளது.

இராணுவத்துக்காக உருவான இக்கருவி பொதுமக்களின் கைக்கு வருவதற்கு ஒரு துயரம் வழிவகுத்தது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழிதவறிச் சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் உயிரிழந்தனர். அதன்பின், ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் பொதுப் பயன்பாட்டுக்கும் அது கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் ஏறத்தாழ 100 மீட்டர் வரையிலான பிழை வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்தது. அருகருகே செல்லும் இரு சாலைகளில் எதில் இருக்கிறோம் என்பதை அந்த நிலையில் உறுதியாகச் சொல்ல இயலாது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. சாலையில் ஓடும் வாகனத்துக்கு ஜி.பி.எஸ். முழுமையாகப் பயன்பட்டது அதன் பின்னரே.

வரைபடம் வாகனத்தில் ஏறிய கதை

வரைபடத்தை வாகனத்துக்குள் கொண்டுவரும் முயற்சி இதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1909இல் அமெரிக்காவில் ‘ஜோன்ஸ் லைவ்-மேப்’ என்றொரு சாதனம் வந்தது. சக்கரத்தோடு இணைக்கப்பட்டிருந்த அது, வண்டி ஓட ஓட ஒரு காகிதத் தட்டைச் சுழற்றும்; எந்த மைலில் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது அத்தட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வண்டி பாதை மாறினால் அதற்குத் தெரியாது. அதில் அறிவிப்பு இருந்தது. ‘இப்போது எங்கே’ என்னும் கணக்கு இல்லை.

1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘எலக்ட்ரோ கைரோகேட்டர்’ என்னும் கருவியை வெளியிட்டது. வாயுவால் இயங்கும் கைரோஸ்கோப் வண்டி திரும்புவதை உணரும். ஒளி ஊடுருவும் வரைபடத் தாளைத் திரைமேல் செருக வேண்டும். 1985இல் கலிபோர்னியாவின் ‘ஈடக்’ நிறுவனம், ஒலிநாடாக் கேசட்டில் மின்னணு வரைபடத்தைப் பதிந்து விற்றது. ஒரு பகுதியைத் தாண்டினால் கேசட்டை மாற்ற வேண்டும். இவ்விரண்டும் செயற்கைக்கோள் இன்றியே இயங்கின.

கணக்கும் அறிவிப்பும் ஒன்றாகச் சந்தித்த ஆண்டு 1990 எனலாம். அவ்வாண்டு மஸ்தா நிறுவனத்தின் ‘யூனோஸ் காஸ்மோ’ காரில் ஜி.பி.எஸ். வழிகாட்டி பொருத்தப்பட்டு வந்தது. 1990களின் இறுதியில் கார்மின் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட்பைலட்’, 2004இல் டாம்டாம் நிறுவனத்தின் ‘கோ’ ஆகியவை, எந்த வண்டியிலும் ஒட்டிக்கொள்ளத்தக்க கருவியைச் சாதாரணக் குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தன. 2009 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைபேசியில் வழிகாட்டியை இலவசமாக அளித்தபோது, இத்தனிக் கருவிகளின் சந்தை சுருங்கத் தொடங்கியது.

செயற்கைக்கோளின் கணக்கு ஆண்டுக்காண்டு கூர்மை பெற்றது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உண்டு. நம் நாட்டின் இஸ்ரோ நிறுவனமும் 2016இல் ஏழு கோள்களை ஏவி முடித்து ‘நாவிக்’ அமைப்பை உருவாக்கியது. ஆனால் வரைபடத்தின் நிலை வேறு. அது மனிதர்கள் சாலை சாலையாகச் சென்று திரட்டியது. சாலை மூடப்படும், பாலம் இடியும், ஒருவழிப்பாதையின் திசை மாறும். வரைபடத்தில் அன்று பதிந்தது அப்படியே இருக்கும்.

ஒரு பாலைவனப் பாடம்

இவ்வேறுபாட்டை அறியாமையின் விலை என்ன என்பதைக் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனம் காட்டுகிறது. 2009 ஆகஸ்ட் மாதம், வழிகாட்டிக் கருவியை நம்பி அங்குள்ள ஒதுக்குப்புறப் பாதையில் சென்ற ஒரு தாயும் அவருடைய சிறுவயது மகனும் மணலில் சிக்கிக்கொண்டனர். பல நாட்களுக்குப் பின் அவர்களைக் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடிருந்தார், சிறுவன் இறந்துவிட்டிருந்தான். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பூங்காவின் காவலர்கள் ‘ஜி.பி.எஸ். மரணம்’ என்று தனிப்பெயரே வைத்துவிட்டனர். நெடுங்காலத்துக்கு முன்பே கைவிடப்பட்ட பாதைகள் மின்னணு வரைபடங்களில் சாலைகளாகவே இருந்ததை அவர்கள் கண்டறிந்து, அவற்றை நீக்கச் செய்யும் முயற்சியிலும் ஈடுபட்டனர்.

அத்தகைய பாதையில் செல்பவருக்கு, ‘நீங்கள் இருப்பது இங்கே’ என்று வானம் சொல்வது சரியாகவே இருக்கும். ‘இது சாலை’ என்று வரைபடம் சொல்வதே பழைய செய்தி. கேட்பவருக்கோ இரண்டும் ஒரே குரலில் கேட்கின்றன. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம், சாலையிலும் உயிர்காக்கும் ஒழுக்கமாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கைபேசி இருக்கத் தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். முழு வரைபடத்தையும் தன்னுள்ளே வைத்திருப்பதால், கைபேசிக் கோபுரம் எட்டாத மலையிலும் பாலையிலும் அது வேலை செய்யும். அழைப்பும் செய்தியும் இடையே குறுக்கிடுவதில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுவோருக்குக் கைபேசியே போதும். குடும்பத்துடன் நெடுந்தொலைவு செல்வோருக்கும், வளைகுடா நாடுகளில் பாலைவன நெடுஞ்சாலைகளில் பயணிப்போருக்கும் தனிக் கருவி துணையாகும்.

முதலில் விசாரிக்க வேண்டியது வரைபடத்தைப் பற்றியே. நாம் ஓட்டும் நாட்டின் வரைபடம் அதில் உள்ளதா, அது எந்த ஆண்டுக்குரியது, புதுப்பிப்பு இலவசமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் கருவியில் நம் நாட்டு வரைபடம் இல்லாமலிருக்கலாம். அடுத்து, ஜி.பி.எஸ். மட்டுமின்றி வேறு கோள் அமைப்புகளையும் அது ஏற்குமா என்று பாருங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சமிக்ஞை மறைவதாலும் சுவர்களில் எதிரொலிப்பதாலும் கணக்கும் பிழைக்கும். கூடுதல் கோள்கள் தெரிந்தால் அப்பிழை குறையும்.

பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஜி.பி.எஸ். 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகிறது. பழைய சமிக்ஞை முறையில் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அவ்வெண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு நேர்ந்தது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் தவறான தேதியைக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே பழைய கருவியைத் திறந்தவெளியில் இயக்கிப் பார்த்து, தேதி சரியாக வருகிறதா என்று சோதித்த பின்னரே பணம் கொடுங்கள்.

பயன்படுத்தும்போது

கருவியை முன்கண்ணாடியின் கீழ்மூலையில், சாலையை மறைக்காதவாறும், ஏர்பேக் விரியும் இடத்தைத் தவிர்த்தும் பொருத்துங்கள். சிலவகைக் கண்ணாடிகளிலும் ஒட்டுத்தாள்களிலும் உலோகப் பூச்சு இருக்கும். அது சமிக்ஞையைத் தடுக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் கருவியை விட்டுச் செல்லாதீர்கள். வெப்பத்தால் மின்கலம் கெடும், திருடர் கண்ணிலும் படும்.

செல்லுமிடத்தைப் புறப்படுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். ஓட்டும்போது அதை மாற்ற வேண்டுமானால் அருகில் அமர்ந்திருப்பவர் மாற்றட்டும், அல்லது வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஊர்ப்பெயரோடு மாவட்டத்தையும் சரிபாருங்கள். நம் தமிழகத்தில் புதூர்கள் எத்தனை! 2009இல் இத்தாலியில், காப்ரி தீவுக்குச் செல்ல விரும்பிய சுவீடன் நாட்டுத் தம்பதியர் எழுத்து மாறிப் பதிந்ததால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார்ப்பி நகரைச் சென்றடைந்தனர். கருவி தன் கணக்கில் பிழை செய்யவில்லை. கேட்ட ஊருக்குத்தான் அழைத்துச் சென்றது.

பதிந்தபின், முழுப் பாதையையும் ஒருமுறை திரையில் விரித்துப் பாருங்கள். ‘மிகக் குறுகிய பாதை’ என்னும் தேர்வு, வண்டிப்பாதைகளுக்குள்ளும் வயல் ஓரங்களுக்குள்ளும் நம்மை இழுத்துச் செல்லக்கூடும். அறியாத ஊரில் நெடுஞ்சாலையைத் தழுவிய பாதையே நலம். அறிவிப்புப் பலகை ஒன்றும் திரை வேறொன்றும் சொன்னால், பலகையை ஏற்றுக்கொள்ளுங்கள். சாலையில் வெள்ளம் ஓடினாலோ, தடுப்பு வைக்கப்பட்டிருந்தாலோ, மண்பாதையாக மாறினாலோ, குரல் என்ன சொன்னாலும் திரும்பிவிடுங்கள். நேரில் கண்டதற்கு முன்னால் பழைய செய்தி நிற்காது. தேநீர்க் கடையில் ஒருவரிடம் வழி கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. அவர் அந்தச் சாலையை இன்று காலையில் கண்டவர்.

பயணத்தில் கிப்லாவை அறியவும் இக்கருவிகளைச் சிலர் பயன்படுத்துகின்றனர். இங்கும் அதே வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தை அறியும். நின்றுகொண்டிருக்கும்போது நாம் எத்திசை நோக்கியிருக்கிறோம் என்பதை அதனால் மட்டும் அறிய முடியாது. வண்டி நகர்ந்த பின்பே திசை அதற்குப் புலப்படும். கைபேசிகள் திசைக்குக் காந்த உணரியையே நம்புகின்றன. வண்டியின் இரும்பு அதைத் திசைதிருப்பிவிடும். ஆகவே வண்டியிலிருந்து இறங்கிச் சற்று விலகி நின்று பாருங்கள். சூரியனைக் கொண்டும் ஒத்துப்பாருங்கள். சென்னையில் கிப்லா மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கும் என்பது போன்ற ஓர் அளவு மனத்தில் இருந்தால், முள் தடுமாறும்போது உடனே கண்டுகொள்ளலாம். அருகில் பள்ளிவாசல் இருந்தால் அதன் மிஹ்ராபே போதுமானது.

அல்பீரூனீயிடம் அணுக்கடிகாரமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. தாம் அளந்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்தறியும் தெளிவு அவரிடம் இருந்தது. இன்று அளக்கும் பொறுப்பைக் கருவி ஏற்றுக்கொண்டுவிட்டது; பிரித்தறியும் பொறுப்பு ஓட்டுநரிடமே இருக்கிறது. பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் அவருடைய அந்த விழிப்பை நம்பியே வருகின்றனர்; அவர்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பயணத்துக்குரிய துஆவை ஓதி, வரைபடத்தைப் புதுப்பித்து, கண்ணைச் சாலையில் வைத்துப் புறப்படுவோம். வல்ல ரஹ்மான் நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானவையாக ஆக்கி, நேரான வழியில் நம்மை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.